இரவுக் கப்பலில் எந்த அறையை எடுப்பது?

மாலையில் ஏறி மறுநாள் காலையில் இறங்கும் கப்பலுக்குச் சீட்டு எடுக்கும்போது, நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கம் நம்மிடம் முதலில் கேட்பது அறையின் வகுப்பைத்தான்: உள்ளறையா, சன்னல் வைத்த வெளியறையா, இரண்டு படுக்கையா, நான்கு படுக்கையா, அல்லது பெரிய கட்டிலும் காலை உணவும் சேர்ந்த உயர்வகுப்பா. அந்த அறை கப்பலின் எந்தத் தளத்தில், எந்தப் பகுதியில், எதற்கு மேலே, எதற்குக் கீழே அமைந்திருக்கிறது என்பதை அந்தப் பக்கம் பெரும்பாலும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் அன்றிரவு உறக்கம் வருமா வராதா என்பது வகுப்பைக் காட்டிலும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது. விலை கூடிய அறை கப்பலிலேயே அதிகமாக ஆடும் மூலையில் இருப்பதும், விலை குறைந்த உள்ளறை அசைவே தெரியாத நடுப்பகுதியில் இருப்பதும் இந்தக் கப்பல்களில் சாதாரணம்.

மொரீஷியசிலும் ரீயூனியனிலும் இருக்கும் நம் குடும்பங்களில் மூத்தவர்களுக்கு இரவுக் கப்பல் புதிதன்று. போர்ட் லூயிசிலிருந்து ரொட்ரீக்சுக்கும் ரீயூனியனுக்கும் மொரீஷியஸ் பிரைட், மொரீஷியஸ் துரோசேசியா ஆகிய கப்பல்கள் ஓடிய காலத்தில், அறை கிடைத்தவர் அறையிலும் மற்றவர் சாய்வு இருக்கையிலுமாக அந்தக் கடலைக் கடந்திருக்கிறார்கள். இன்று அந்தத் தீவுகளுக்கு விமானத்தில்தான் போகிறோம். மாறாக, மார்செயில் படிக்கும் மகனையோ லண்டனில் செவிலியராக இருக்கும் தங்கையையோ பார்க்கப் போன இடத்தில், மார்செயிலிருந்து கோர்சிகாத் தீவுக்கோ, போர்ட்ஸ்மத்திலிருந்து சேன் மாலோவுக்கோ, ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கோ இரவுக் கப்பலில் போவது என்று குடும்பமாகத் திட்டமிடுகிறோம். இந்தக் குறிப்புகள் அத்தகைய பயணங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் கணக்கிட வேண்டியது இரவின் நீளம்

அறைக்கு எவ்வளவு செலவு செய்வது என்பதைத் தீர்மானிக்கும் முன், அந்த அறையில் உண்மையில் எத்தனை மணி நேரம் படுத்திருக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். போர்ட்ஸ்மத்திலிருந்து பிரான்சின் கான் துறைமுகத்துக்குப் போகும் இரவுக் கப்பல் வழக்கமாக இரவு 10.45 மணி அளவில் புறப்பட்டு மறுநாள் காலை 6.45 மணி அளவில் கரை சேர்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் 8 மணி நேரம். ஆனால் பிரான்சின் நேரம் பிரிட்டனின் நேரத்தைவிட 1 மணி முன்னால் இருப்பதால் உண்மையான பயணம் 7 மணி நேரந்தான். கரை சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஒலிபெருக்கி எழுப்பிவிடும். அறைக்குப் போய்ப் பையை வைத்துப் படுப்பதற்குள் அரை மணி நேரம் கழிந்துவிடும். எஞ்சுவது ஐந்தரை மணி நேர உறக்கம். இத்தகைய குறுகிய இரவில் பெரிய அறைக்கும் சன்னலுக்கும் கொடுக்கும் பணம் வீண் என்பதே என் கருத்து. அமைதியான இடத்தில் ஒரு சிறிய உள்ளறை போதும்.

மார்செயிலிருந்து கோர்சிகாவின் அஜாக்சியோவுக்குப் போவது ஏறத்தாழ 12 மணி நேரப் பயணம். மாலையில் ஏறி, உணவை முடித்து, நிம்மதியாக ஏழு எட்டு மணி நேரம் படுக்கலாம். ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாலை ஏறினால் மறுநாள் முற்பகல் வரை கப்பலில்தான் இருப்பீர்கள். போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் சந்தாந்தேருக்குப் போவதோ ஒரு நாளுக்கும் மேற்பட்டது. பயணம் நீளும் அளவுக்கு அறை என்பது படுக்கும் இடமாக மட்டும் இல்லாமல் வாழும் இடமாகவும் ஆகிறது. அங்கே சன்னலும் அகலமும் பயன்படத் தொடங்குகின்றன. கிழக்கு நோக்கிப் போகும் பல வழித்தடங்களில் 1 மணி நேரம் குறைவதையும், திரும்பி வரும்போது அதே 1 மணி நேரம் கூடுவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலிருந்து பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும், சுவீடனிலிருந்து பின்லாந்துக்கும், இத்தாலியிலிருந்து கிரீசுக்கும் இது பொருந்தும்.

கப்பல் எப்படி ஆடுகிறது, எங்கே குறைவாக ஆடுகிறது

கப்பலின் ஆட்டத்தில் உறங்குபவரைத் தொல்லைப்படுத்துவன முக்கியமாக இரண்டு. ஒன்று, முன்பக்கம் எழும்போது பின்பக்கம் தாழ்வதும் பின்பக்கம் எழும்போது முன்பக்கம் தாழ்வதுமான ஆட்டம். மற்றது, வலமும் இடமுமாகச் சாய்ந்து நிமிரும் ஆட்டம். முதல் வகையைப் புரிந்துகொள்ளக் குழந்தைகள் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையை நினைத்தால் போதும்: இரு முனைகளிலும் உட்கார்ந்திருப்பவர்கள்தாம் ஏறி இறங்குகிறார்களே தவிர, நடுவில் நிற்பவருக்கு அசைவு மிகக் குறைவு. ஆகவே நீளவாக்கில் நடுப்பகுதியில் இருக்கும் அறை, அல்லது நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் அறை, முகப்பை ஒட்டிய அறையைவிட எப்போதும் நிலையானது. இரண்டாம் வகை ஆட்டத்துக்கு உயரமே பகை. கப்பல் சாயும்போது நீர்மட்டத்துக்கு அருகில் இருப்பவர் சிறிதளவே நகர்வார். ஐந்தாறு தளங்களுக்கு மேலே படுத்திருப்பவரோ அதே சாய்வில் பல மடங்கு தூரம் வீசப்படுவார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அறைத் தளங்களில் கீழ்த்தளம், நீளவாக்கில் நடு, அகலவாக்கிலும் நடு என்ற விடை கிடைக்கிறது. அகலவாக்கில் நடு என்பது உள்ளறைகளையே குறிக்கும். சன்னல் வைத்த அறைகள் கப்பலின் ஓரங்களில் இருப்பதால், கப்பல் சாயும்போது அவை மேலும் கீழுமாக அதிகம் ஏறி இறங்குகின்றன. உள்ளறைகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. கடல் பயணத்தில் குமட்டல் வரும் உடல்வாகு உடையவர்கள் மலிவான உள்ளறையை எடுப்பது சிக்கனம் மட்டுமன்று, அறிவுடைய முடிவும் ஆகும். பல கப்பல்களில் உயர்வகுப்பு அறைகள் மிக உயரமான தளத்தில், முகப்பை நோக்கி அமைந்திருக்கும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் அங்கிருந்து பார்க்கும் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் கடல் பொங்கும் இரவில், கப்பலிலேயே அதிகக் கட்டணம் கட்டியவர்கள்தாம் அதிகமாக ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இன்றைய பெரிய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் சிறகு போல நீளும் நிலைப்படுத்திகள் இருக்கின்றன. அவை வலமிடமாகச் சாயும் ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கின்றன. முன்பின் ஆட்டத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகையால், நிலைப்படுத்தி இருக்கிறது என்று விளம்பரத்தில் படித்துவிட்டு முகப்பு அறையை எடுத்துவிடாதீர்கள்.

படுக்கை கிடக்கும் திசையையும் பார்க்கலாம். கப்பலின் நீளவாக்கில் கிடக்கும் படுக்கையில், கப்பல் சாயும்போது உடல் பக்கவாட்டில் உருளும். குறுக்குவாக்கில் கிடக்கும் படுக்கையில் அதே சாய்வு தலையை உயர்த்திக் காலைத் தாழ்த்தும், பிறகு மாற்றிச் செய்யும். சிலருக்கு உருள்வது பிடிக்காது, பெரும்பாலோருக்குத் தலைகீழாவது பிடிக்காது. தள வரைபடத்தில் படுக்கைகளையும் வரைந்து காட்டியிருந்தால், எது உங்களுக்குத் தாங்கும் என்று எண்ணித் தேர்ந்தெடுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. மொரீஷியசின் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிகிறது; ரீயூனியனிலும் நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரி மாதங்களில் வருகிறது. எனவே நம் வெயில்காலத்தில், அதாவது ஐரோப்பாவின் குளிர்காலத்தில், குடும்பமாக அங்கே போகிறோம். மத்தியதரைக் கடலில் மிஸ்திரால் காற்று வேகமாக வீசுவதும், பிஸ்கே வளைகுடாவும் வடகடலும் கொந்தளிப்பதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஜூலை மாதத்தில் பயணம் செய்த ஐரோப்பிய நண்பர் ‘ஆட்டமே தெரியவில்லை’ என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பி டிசம்பரில் அறை எடுக்கக் கூடாது. ஸ்டாக்ஹோமிலிருந்து புறப்படும் வழித்தடம் தீவுக் கூட்டங்களுக்கு இடையே நெடுந்தூரம் போவதால் அங்கே ஆட்டம் குறைவு. அந்த வழியில் இடத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருப்பதில்லை என்பது ரொட்ரீக்ஸ் கப்பலில் போனவர்களுக்குத் தெரியும். கிழக்கே போகும்போது கப்பல் வணிகக் காற்றை எதிர்த்துக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆகவே போவதற்கு ஆகும் நேரத்தைவிட வருவதற்கு ஆகும் நேரம் குறைவு. கோர்சிகா வழியிலும் இதே கதைதான். மிஸ்திரால் வடமேற்கிலிருந்து வீசுவதால் மார்செயிலிருந்து தென்கிழக்கே போகும் கப்பலுக்கு அது பின்காற்று. அங்கிருந்து மார்செய்க்குத் திரும்பும் கப்பலுக்கு எதிர்காற்று. எதிர்காற்றில் முன்பின் ஆட்டம் கூடும். இரு வழிகளுக்கும் ஒரே வகை அறையைக் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யாமல், திரும்பும் வழிக்காவது நடுப்பகுதி அறையைக் கேட்டு வாங்குவது நல்லது.

சத்தம்

ஆட்டம் எல்லா இரவுகளிலும் இருப்பதில்லை. சத்தம் எல்லா இரவுகளிலும் இருக்கும். அதனால் தள வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் அறைத் தளத்தை மட்டும் பார்க்காமல் அதற்கு மேலும் கீழும் உள்ள தளங்களையும் பாருங்கள். மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் என்று இருக்கும் தளமே சிறந்தது. மேலே உணவகம் இருந்தால், இரவு நெடுநேரம் நாற்காலிகள் இழுபடும் ஒலியும், விடியும் முன்பே காலை உணவுக்கு மேசை போடும் ஒலியும் தலைக்கு மேலே கேட்கும். கீழே மதுக்கூடமும் ஆடல் அரங்கும் இருந்தால் இசையின் அதிர்வு தரை வழியாக வரும். குழந்தைகள் விளையாடும் இடம், விளையாட்டு இயந்திரங்கள் வைத்த கூடம், நாய்களுக்கான கூண்டுகள் ஆகியவற்றின் அண்டையையும் தவிர்க்க வேண்டும். செல்லப் பிராணிகளோடு தங்கக்கூடிய அறைகளை ஒதுக்கியிருக்கும் கப்பல்களில் அவை எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் போய்விடுவது உத்தமம்.

வாகனத் தளத்துக்கு நேர் மேலே உள்ள அறைகள் ஆட்டத்தின் கணக்கில் நல்லவை. சத்தத்தின் கணக்கில் கெட்டவை. குளிரூட்டப்பட்ட சரக்கு லாரிகளின் இயந்திரங்கள் இரவெல்லாம் இரையும். கப்பல் சாயும்போதெல்லாம் ஏதாவது ஒரு காரின் திருட்டு எச்சரிக்கை மணி கத்தும். கரை சேரும் முன் லாரிகளைப் பிணைத்த சங்கிலிகளை அவிழ்த்து இரும்புத் தரையில் போடுவார்கள். ஆகவே நடுப்பகுதியில், வாகனத் தளத்துக்கு மேலே ஒரு தளமாவது இடைவெளி விட்டு, அந்த இரண்டாம் அறைத் தளத்தை எடுப்பதே இரண்டு கணக்குகளையும் சமன் செய்யும் வழி.

பின்பகுதியில் இயந்திரத்தின் அதிர்வும் கப்பலை உந்தும் சுழல்விசிறியின் அதிர்வும் இடைவிடாமல் இருக்கும். வியப்பு என்னவென்றால், சிலருக்கு இது தாலாட்டாக அமைகிறது. மாறாத ஒலி பிற ஒலிகளை விழுங்கிவிடுகிறது. அதிர்வால் கண்ணாடித் தம்ளர் கிணுகிணுப்பதைத் தாங்க முடிந்தவர்கள் பின்பகுதியை ஏற்கலாம். முகப்பில் இருக்கும் தொல்லை வேறு வகை. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த உதவும் உந்துவிசிறிகள் முகப்பின் அடியில் இருக்கின்றன. அவை இயங்கத் தொடங்கினால் முகப்பை ஒட்டிய அறைகள் நடுங்கும். கரை சேரும்போது மட்டும் இது நடந்தால் எப்படியும் விழித்திருக்கும் நேரம் என்று விட்டுவிடலாம். ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியில் ஓடும் கப்பல்கள் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகளில் சிறிது நேரம் நின்று போகின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையே தீர்வையில்லா விற்பனை 1999ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டபோது, ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே விடப்பட்ட அந்தத் தீவுகளைத் தொட்டுப் போகும் கப்பல்களுக்கு மட்டும் அந்த விற்பனை தொடர்ந்தது. அதற்காகவே இந்த நிறுத்தம். மலிவு விலைச் சாக்லேட்டுக்கும் மதுவுக்கும் முகப்பு அறைக்காரர்கள் தங்கள் உறக்கத்தை விலையாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம்.

படிக்கட்டு, மின்தூக்கி, பணியாளர்களின் துணி அறை ஆகியவற்றை ஒட்டிய அறைகளையும் விட்டுவிடுங்கள். நீண்ட நடைவழியின் நடுவில், படிக்கட்டிலிருந்து ஐந்தாறு கதவுகள் தள்ளி இருக்கும் அறை போதுமான தொலைவில் இருக்கிறது. அறை எண்ணைப் படிக்கவும் பழக வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் எண்ணின் முதல் இலக்கம், அல்லது முதல் இரண்டு இலக்கங்கள், தளத்தைக் குறிக்கும். எஞ்சியவை முகப்பிலிருந்து பின்பக்கமாகக் கூடிக்கொண்டு போகும். ஆகவே சீட்டில் எண் அச்சிட்டு வந்தவுடனேயே, வரைபடம் இல்லாமலும் அறை ஏறக்குறைய எங்கே இருக்கும் என்று கணித்துவிடலாம்.

வாகனத் தளத்துக்கும் கீழே

பால்டிக் கடலில் ஓடும் சில பெரிய கப்பல்களில் மிக மலிவான அறைகள் வாகனத் தளத்துக்கும் கீழே இருக்கின்றன. அங்கே ஆட்டம் மிகக் குறைவு, விலையும் மிகக் குறைவு. ஆனால் ஏறி இறங்கப் பல படிகள், தலைக்கு மேலே லாரிகள், காற்று சற்று இறுக்கம். இளைஞர்கள் கூட்டமாகப் போகும்போது அவற்றை எடுப்பதில் தவறில்லை. மூட்டு வலி உள்ள தாத்தாவையோ கைக்குழந்தையையோ அழைத்துக்கொண்டு அங்கே இறங்க நான் சொல்ல மாட்டேன்.

சன்னலுக்குப் பணம் கொடுக்கலாமா

டிசம்பர் இறுதியில் மார்செயில் மாலை 5 மணி கடந்து சிறிது நேரத்தில் கதிரவன் மறைந்துவிடும். மறுநாள் 8 மணிக்குப் பிறகே உதிக்கும். மாலை 6 அல்லது 7 மணிக்குப் புறப்பட்டுக் காலை 7 மணி அளவில் அஜாக்சியோவை அடையும் கப்பலில், சன்னல் வழியே தெரியப் போவது முழு இருட்டு. நம் விடுமுறைக் காலத்தில் இந்த வழியில் வெளியறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எந்தப் பொருளும் இல்லை. ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோமை விட்டுப் போகிறவருக்கோ நிலைமை நேர்மாறு: இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும், விடியலும் மிக முன்னதாகவே வந்துவிடும். அப்போது சன்னல் மதிப்புள்ளது. தடித்த திரை அதைவிட மதிப்புள்ளது.

சன்னல் அறை எடுப்பதென்று முடிவு செய்தால், அந்தச் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் பல சன்னல்களை அந்தப் படகுகளே மறைத்துக்கொண்டிருக்கும். பயணிகள் உலாவும் திறந்த நடைபாதையை ஒட்டிய சன்னலாக இருந்தால், திரையைத் திறந்து வைக்க முடியாது. முகப்பை நேராக நோக்கும் சன்னல்களில் இருட்டிய பிறகு திரையை மூடியே வைக்கச் சொல்வார்கள். அறையின் வெளிச்சம் கப்பலை ஓட்டுகிறவர்களின் பார்வையைக் கெடுக்கும் என்பதே காரணம். ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியில் ஓடும் சில்யா செரினேட் போன்ற கப்பல்களில், கடலை நோக்காமல் கப்பலின் உள்ளே உள்ள கடைத்தெருவை நோக்கிய சன்னல்கள் வைத்த அறைகளும் உண்டு. மூடிய அறையில் மூச்சு முட்டுவது போல் உணர்கிறவர்களுக்கு அது ஒரு நடுவழி.

கடல் தெரிந்தால் குமட்டல் வராது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. விழித்திருக்கும்போது அது சரி: காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் எழுகிறது, தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் இருட்டில் தொடுவானம் தெரியாது. இரவில், அசைவு குறைந்த இடத்தில் கண்ணை மூடி மல்லாந்து படுப்பதே அதே வேலையைச் செய்யும். மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் ஆட்டம் தொடங்கிய பிறகு தேடாமல், ஏறுவதற்கு முன்பே மருந்தாளரைக் கேட்டு வாங்கி, அவர் சொல்லும் நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

யார் எந்தப் படுக்கையில்

நான்கு படுக்கை அறை என்றால் பெரும்பாலும் கீழே இரண்டு, மேலே சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இரண்டு என்று அமைந்திருக்கும். மேல் படுக்கைக்குப் போகச் செங்குத்தான சிறிய ஏணிதான் உண்டு. சேலை கட்டிக்கொண்டு அந்த ஏணியில் ஏறுவதும், நள்ளிரவில் கழிவறைக்காக இறங்குவதும் எவ்வளவு கடினம் என்பதைப் பதிவு செய்கிற மகன்கள் நினைப்பதில்லை. அறுபது வயதைக் கடந்தவர்கள் இருவருக்கு மேல் இருந்தால், ஒரே நான்கு படுக்கை அறையை எடுப்பதைவிட இரண்டு அறைகளை அடுத்தடுத்து எடுத்து, பெரியவர்கள் எல்லோருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்கச் செய்வதே முறை. குறட்டை விடுகிற மாமாவுக்கும் இதனால் ஒரு தீர்வு கிடைக்கும். சிறு குழந்தைகளை மேல் படுக்கையில் படுக்க வைக்க அனுமதிக்காத நிறுவனங்கள் உண்டு. கைக்குழந்தைக்கான தொட்டிலைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். ஏறிய பிறகு கேட்டால் இருப்பு தீர்ந்திருக்கும்.

சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கான அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் மிகச் சிலவே. மற்ற அறைகளில் குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கும், கதவும் குறுகல். இத்தகைய அறை தேவைப்படுகிறவர்கள் பயணத் தேதியை முடிவு செய்யும் முன் அந்த அறை கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உயர்வகுப்பு அறையில் உண்மையில் கூடுதலாகக் கிடைப்பவை அகலமான கட்டில், சிறு குளிர்ப்பெட்டி, வெந்நீர்க் கெண்டி, சில இடங்களில் காலை உணவு. தைப்பூசக் காவடிக்கு முன் விரதம் இருக்கிறவர்கள் அந்த நாட்களில் பயணம் செய்ய நேர்ந்தால், கப்பல் உணவகத்தில் இறைச்சி படாத உணவு என்று நம்பிச் சாப்பிடக் கிடைப்பது குறைவு என்பதால், வெந்நீர்க் கெண்டி உள்ள அறை ஒரு வசதிதான். மற்றவர்கள் குடுவையில் வெந்நீர் கொண்டுபோகலாம். தால் பூரியோ ஃபராட்டாவோ கட்டிக்கொண்டு போனால் ஓர் இரவுக்குத் தாங்கும். மூடிய அறையில் ஊறுகாய்ப் பொட்டலத்தைத் திறக்கும் முன் மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

அறை இல்லாமல் போகலாமா

வழித்தடத்தைப் பொறுத்தது. பிரிட்டனின் ஹாரிச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்துக்கும், ஹல்லிலிருந்து ராட்டர்டாமுக்கும் போகும் இரவுக் கப்பல்களில் அறை எடுப்பது கட்டாயம். சாய்வு இருக்கை அனுமதிக்கப்படும் வழிகளில், தனியாகப் போகும் இளைஞருக்கு ஆறேழு மணி நேரத்துக்கு அது போதும். அந்தக் கூடத்தில் விளக்கு முழுவதும் அணைவதில்லை, குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், போர்வை தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இத்தாலி, கிரீஸ் வழிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, முன்பின் அறியாதவர்களோடு பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு படுக்கையை மட்டும் வாங்கும் முறை சில நிறுவனங்களிடம் இருக்கிறது. அதில் கடவுச்சீட்டும் பணமும் தலையணைக்கு அடியில் இருக்க வேண்டும். மூவர் சேர்ந்து போகிறவர்கள், மூன்று இருக்கைகளின் கட்டணத்தையும் ஒரு நான்கு படுக்கை உள்ளறையின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அறைக்கு மொத்தமாக விலை வைக்கும் நிறுவனங்களில் வேறுபாடு பெரும்பாலும் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் விலை அறைக்கா, ஆளுக்கா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பதிவு செய்வதும், கிடைத்த அறை பிடிக்காமல் போனால் செய்வதும்

பல நிறுவனங்களில் அறையின் வகையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எண்ணை அவர்களே ஒதுக்குவார்கள். அதனால் பதிவு முடிந்த கையோடு, பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, நடுப்பகுதியில், கீழ் அறைத் தளத்தில், வாகனத் தளத்துக்கு நேர் மேலே அல்லாத அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வயதானவர்கள் உடன் வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பலன் கூடும். குளிர்காலத்தில் கப்பல்களை ஆண்டுப் பராமரிப்புக்காக உலர்துறைக்கு அனுப்புவதும், அந்த வாரங்களில் வேறொரு கப்பலை அதே வழியில் ஓட்டுவதும் வழக்கம். ஆகவே வழித்தடத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், உங்கள் தேதியில் ஓடப்போகும் கப்பலின் பெயரைத் தெரிந்துகொண்டு அதன் வரைபடத்தைப் பாருங்கள். வேறு கப்பலின் வரைபடத்தை வைத்துக்கொண்டு நுணுக்கமாகத் திட்டமிட்டால் எல்லாம் வீணாகும்.

காரோடு ஏறுகிறவர்கள், கடலில் இருக்கும்போது வாகனத் தளத்துக்குப் போக அனுமதி இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாற்று உடை, மருந்து, கடவுச்சீட்டு, சால்வை, செருப்பு ஆகியவற்றை ஒரு சிறிய பையில் தனியே எடுத்து வைத்துக்கொண்டு ஏறுங்கள். பெரிய பெட்டியை அறைக்குக் கொண்டுவந்தால் நிற்கக்கூட இடம் இருக்காது.

அறைக்குள் நுழைந்ததும் கதவின் பின்புறத்தில் உள்ள வழிகாட்டிப் படத்தைப் பார்த்து, அருகிலுள்ள படிக்கட்டு எந்தப் பக்கம், இடையில் எத்தனை கதவுகள் என்று எல்லோரும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களில் பயணிகளை ஒன்றுகூட்டிப் பயிற்சி தருவது கட்டாயம் இல்லை. ஒலிபெருக்கி அறிவிப்போடு அது முடிந்துவிடும். பிறகு துணி மாட்டும் கொக்கிகளை எடுத்து அலமாரியில் படுக்க வையுங்கள், கிணுகிணுக்கும் தம்ளரைத் துண்டில் சுற்றுங்கள், தடதடக்கும் கதவிடுக்கில் மடித்த காகிதத்தைச் செருகுங்கள். காற்றுத் துளையின் திருகையும் வெப்பநிலைத் திருகையும் விளக்கு அணைக்கும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அறை பொருந்தவில்லை என்றால், கப்பல் புறப்பட்ட உடனே வரவேற்பு மேசைக்குப் போகலாம். பதிவு செய்துவிட்டு வராதவர்களின் அறைகளும் விற்காமல் எஞ்சிய அறைகளும் எவை என்பது அந்த நேரத்தில்தான் அவர்களுக்குத் தெரியும். அதே வகையில் வேறு அறை கேட்டால் காலியாக இருப்பின் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள், உயர்ந்த வகையைக் கேட்டால் வேறுபாட்டுத் தொகையை வாங்கிக்கொள்வார்கள். குளிர்காலத்தின் வார நாட்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். கிறிஸ்துமசை ஒட்டிய நாட்களிலும் ஜூலை, ஆகஸ்டு வார இறுதிகளிலும் மிகக் குறைவு. படுக்கையைக் கலைக்காமலும் குளியலறையைப் பயன்படுத்தாமலும் போய்க் கேளுங்கள். பயன்படுத்திய அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்த மேசையிலும் தயங்குவார்கள்.